பழைய வண்டி வாங்கப் போறீங்களா? மீட்டரை மட்டும் நம்பாதீங்க!



குழுத்தொழில் என்று பேச்சு எடுத்தாலே இப்போது வண்டிப் பேச்சும் கூடவே வருகிறது. மிளகாய் வத்தலும் உளுந்தும் சந்தைக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும். புதியம்புத்தூரில் தைத்த துணிக்கட்டு ஏற்ற வண்டி வேண்டும். தருவைக்குளத்து மீனை ஐஸ் உருகுவதற்குள் கொண்டுபோக வண்டி வேண்டும். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பார்க்க வெளியூர் ஆட்கள் வருகிறார்கள். மே மாதம் வீரசக்கதேவி கோயில் திருவிழா என்றால் கூட்டம் இன்னும் அதிகம். அப்போதும் வாடகை வண்டிக்குத் தேவை இருக்கிறது.

புது வண்டி விலைக்கு நம் கையில் பணம் பத்தாது. அதனால் பழைய லோடு ஆட்டோ, ‘குட்டி யானை’ என்று நாம் சொல்லும் சின்ன லோடு வண்டி, ஆம்னி வேன் என்று பார்க்கிறோம். தப்பில்லை. நல்ல பழைய வண்டி பத்து வருஷம்கூட உழைக்கும். ஆனால் வாங்கும்போது ஏமாந்தால் நஷ்டம் ஒருத்தருக்கு மட்டும் இல்லை. பன்னிரண்டு பேரின் சேமிப்பும் வங்கிக் கடனும் அதில் போகும். வண்டி பட்டறையில் நின்றாலும் மாதத் தவணை நிற்காது.

“அதெல்லாம் ஆம்பளைங்க பாத்துக்கிடுவாங்க” என்று சிலர் சொல்வார்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்து யாருடையது? உங்களுடையது. அப்படியானால் பார்க்க வேண்டியதும் நீங்கள்தான். இது ஒன்றும் கஷ்டமான வித்தை இல்லை. மீன்காரர் “இப்பதான் கரைக்கு வந்துச்சு” என்று சொன்னால் நாம் அப்படியே வாங்கிவிடுகிறோமா? செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம், அமுக்கிப் பார்க்கிறோம். வண்டியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அது எப்படி என்று பார்ப்போம்.

‘மைலேஜ்’ என்றால் இரண்டு கேள்வி

மைலேஜ் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது. புரோக்கர்கள் இரண்டையும் கலந்து பேசி நம்மைக் குழப்புவார்கள். முதலில் பிரித்துக்கொள்வோம்.

ஒன்று: வண்டி இதுவரை மொத்தம் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? இதை ஸ்டியரிங்குக்கு முன்னால் உள்ள மீட்டர் காட்டும். வண்டிக்கு எவ்வளவு தேய்மானம் என்று தெரிய இது உதவும்.

இரண்டு: ஒரு லிட்டர் டீசலுக்கோ பெட்ரோலுக்கோ எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்? நம் ஊரில் ‘மைலேஜ்’ என்று பேசுவது பெரும்பாலும் இதைத்தான். தினமும் நம் கையிலிருந்து போகும் காசு இது.

முதல் கேள்விக்கு விற்பவர் மீட்டரைக் காட்டுவார். இரண்டாவது கேள்விக்கு வாயால் சொல்வார். இரண்டுமே அவர் தரப்புப் பேச்சுதான். சரிபார்க்க வேண்டியது நம் வேலை.

மீட்டரைக் குறைக்க முடியுமா?

முடியும். பழைய முள் மீட்டராக இருந்தால் டேஷ்போர்டைக் கழற்றி, எண் சக்கரங்களைத் திருப்பி வைத்துவிடுவார்கள். இப்போதைய டிஜிட்டல் மீட்டரைக் கம்ப்யூட்டர் கருவி செருகி மாற்றிவிடுவார்கள். டிஜிட்டல் என்றால் பொய் சொல்லாது என்று நினைக்க வேண்டாம். சின்னச் செலவில் எண்ணைக் குறைத்துவிட்டு, விலையில் பல ஆயிரம் கூட்டிக் கேட்கலாம். அதனால்தான் இந்த வேலை நடக்கிறது.

இது நம் ஊரில் மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. அமெரிக்காவில் 1972-லேயே மீட்டரைத் திருத்துவதைத் தடுக்கத் தனிச் சட்டம் போட்டார்கள். அப்படியும் வருஷத்துக்கு நாலரை லட்சத்துக்கு மேல் வண்டிகள் பொய் மீட்டரோடு விற்கப்படுவதாக அந்த நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறையே கணக்குச் சொல்கிறது. பெல்ஜியம் நாட்டில் 2006-லிருந்து ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. வண்டி பட்டறைக்குப் போகும்போதெல்லாம் மீட்டர் எண்ணை ஒரு பொதுப் பதிவில் ஏற்ற வேண்டும். விற்கும்போது அந்தப் பதிவுச் சான்றை வாங்குபவரிடம் கொடுத்தாக வேண்டும். அதன் பிறகு அங்கே மோசடி வெகுவாகக் குறைந்துவிட்டது.

நம் நாட்டில் அப்படி ஒரு பொதுப் பதிவு இல்லை. ஆகவே அந்தப் பதிவை நாமே தேடி எடுக்க வேண்டும். அது மூன்று இடத்தில் கிடைக்கும்: நம் கணக்கில், காகிதத்தில், வண்டியின் உடம்பில்.

முதல் சோதனை: மனக்கணக்கு

மீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கணக்குப் போடுங்கள். வண்டிக்கு எத்தனை வயசு? என்ன வேலைக்கு ஓடியது? ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் போயிருக்கும்?

வாடகைக்கு ஓடிய 8 வயசு லோடு வண்டி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்குக் குறைந்தது 50 கி.மீ. வருஷத்துக்கு 300 நாள் ஓட்டம்.

50 x 300 = 15,000 கி.மீ. ஒரு வருஷத்துக்கு.
15,000 x 8 = 1,20,000 கி.மீ. எட்டு வருஷத்துக்கு.

ஆனால் மீட்டர் 48,000 காட்டுகிறது. “யக்கா, ஒரே ஓனர், வெறும் நாப்பத்தெட்டாயிரந்தான் ஓடிருக்கு” என்று புரோக்கர் சொல்கிறார். அப்படியானால் ஒரு நாளைக்கு 20 கி.மீ. மட்டும் ஓடியிருக்க வேண்டும். அந்த 20 கி.மீ. வாடகையில் அவர் எப்படித் தவணை கட்டினார், எப்படிப் பிழைத்தார் என்று நேராகக் கேளுங்கள். உண்மையிலேயே குறைவாக ஓடியிருக்கலாம். சொந்தக் கடைக்கு மட்டும் வைத்திருந்திருக்கலாம். அப்படியென்றால் அதற்குப் பதில் இருக்கும், சாட்சியும் இருக்கும். பதிலே இல்லையென்றால் கவனம் தேவை.

இன்னொன்று. பழைய வண்டிகள் சிலவற்றில் மீட்டரில் 5 எண் மட்டும்தான் இருக்கும். 99,999 ஆனதும் திரும்பவும் 00000 என்று ஆரம்பிக்கும். அப்போது மீட்டரைத் திருத்தாமலேயே 1,48,000 கி.மீ. ஓடிய வண்டி 48,000 என்று காட்டும். எத்தனை எண் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

மீட்டர் வேலை செய்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கேபிள் அறுந்து, மீட்டர் நின்று இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கலாம். ஓட்டிப் பார்க்கும்போது எண் நகர்கிறதா என்று ஒருவர் மீட்டர் மேலேயே கண்ணாக இருங்கள்.

இரண்டாவது சோதனை: காகிதம்

மீட்டர் எண் எழுதப்பட்ட காகிதம் வண்டியோடு எங்காவது இருக்கும். அவற்றைக் கேட்டு வாங்கித் தேதி வாரியாக வரிசைப்படுத்துங்கள்.

* சர்வீஸ் பில்கள். கம்பெனி சர்வீஸ் பில்லில் அன்றைய மீட்டர் எண் எழுதியிருப்பார்கள். மூன்று வருஷத்துக்கு முந்தைய பில்லில் 71,000 என்று இருந்து, இன்று மீட்டர் 48,000 காட்டினால் வேறு விசாரணையே வேண்டாம்.

* ஆயில் மாற்றிய ஸ்டிக்கர். அடுத்த ஆயில் மாற்றம் எத்தனை கிலோமீட்டரில் என்று மெக்கானிக் எழுதி ஒட்டியிருப்பார். கதவு ஓரத்திலும் பானட்டுக்கு உள்ளேயும் பாருங்கள். இதைக் கிழிக்க மறந்துவிடுவார்கள்.

* சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டர். வண்டிக்காரரையும் கூட்டிக்கொண்டு அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய், சேஸிஸ் நம்பரைக் கொடுத்து பழைய பதிவைக் கேளுங்கள். “அங்க எல்லாம் போக வேண்டாம்” என்று அவர் மறுத்தால் ஏன் என்று யோசியுங்கள்.

* ஆர்.சி. புக். வண்டி செய்த மாதம், வருஷம், பதிவு செய்த தேதி, எத்தனையாவது ஓனர், வங்கி அல்லது பைனான்ஸ் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஒரே ஓனர்’ என்றது இங்கே தெரிந்துவிடும்.

* எஃப்.சி. வாடகை வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் தகுதிச் சான்று கட்டாயம். வண்டிக்கு 8 வருஷம் ஆகும் வரை 2 வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்குப் பிறகு வருஷா வருஷம் எடுக்க வேண்டும். இடையில் எஃப்.சி. விட்டுப்போயிருந்தால் அந்தக் காலத்தில் வண்டி ஏன் நின்றது என்று கேளுங்கள்.

படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், செல்போனில் அரசின் ‘எம்-பரிவாகன்’ செயலியில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பதிவுத் தேதி, எஃப்.சி., இன்சூரன்ஸ் எதுவரை என்று தெரியும். போலீஸ் அபராதம் பாக்கி இருக்கிறதா என்பதை இ-செலான் பக்கத்தில் பார்க்கலாம்.

வண்டி நம்பரும் ஒரு தகவல்தான். டி.என். 69 தூத்துக்குடி, 92 திருச்செந்தூர், 96 கோவில்பட்டி. முதலில் எந்த ஊரில் பதிவான வண்டி என்று அதிலிருந்து தெரியும். வெளியூர் நம்பராக இருந்தால் ஏன் இவ்வளவு தூரம் விற்க வந்தது என்று ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை.

மூன்றாவது சோதனை: வண்டியின் உடம்பு

மீட்டரை ஒரு மணி நேரத்தில் மாற்றலாம். ஆனால் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய தேய்மானத்தை முழுவதும் மறைக்க முடியாது.

பெடல் ரப்பர்: கிளச், பிரேக் பெடலில் உள்ள ரப்பரைப் பாருங்கள். வரிகள் தேய்ந்து வழுவழு என்று ஆகியிருந்தால் வண்டி நிறைய ஓடியிருக்கிறது. 30,000 கி.மீ. வண்டிக்கு அப்படித் தேயாது. பழைய வண்டியில் ரப்பர் மட்டும் புத்தம் புதுசாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

ஸ்டியரிங், கியர் குமிழ்: கை படும் இடம் பளபளவென்று ஆகியிருக்கிறதா? கியர் குமிழில் எண்கள் அழிந்துவிட்டனவா?

டிரைவர் சீட்: அமர்ந்து பாருங்கள். ஒரு பக்கம் அமுங்கியிருக்கும். புது கவர் போட்டிருந்தால் கவருக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள்.

கதவு: டிரைவர் பக்கக் கதவைத் திறந்து லேசாகத் தூக்குங்கள். கீல் தேய்ந்திருந்தால் கதவு தொங்கும், ஆடும்.

டயர்: டயரின் பக்கவாட்டில் எழுத்துகளின் கடைசியில் 4 எண் இருக்கும். முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு எண் வருஷம். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-வது வாரம் செய்த டயர். வண்டி 20,000 கி.மீ.தான் ஓடியது என்கிறார்கள், ஆனால் நாலு டயரும் வண்டியைவிட நாலு வருஷம் புதுசு. அப்படியானால் முதல் டயர்கள் எங்கே போயின? நல்ல டயர் அவ்வளவு சீக்கிரம் தேயாதே என்று கேளுங்கள்.

மீட்டர் பெட்டி: டேஷ்போர்டு திருகாணிகளில் புதுக் கீறல் இருக்கிறதா? முள் மீட்டரில் எண்கள் ஒரே கோட்டில் நிற்கிறதா, ஏறி இறங்கி நிற்கிறதா?

என்ஜின்: வண்டி பார்க்க வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டையோ என்ஜின் மூடியையோ தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓட்டித் தயார் செய்துவிட்டார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த என்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதுதான் உண்மையான சோதனை. புகையைப் பாருங்கள். நீலப் புகை விடாமல் வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் எண்ணெய் சரியாக எரியவில்லை. காலையில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் பயமில்லை. சூடான பிறகும் வெள்ளையாக வந்தால் என்ஜினுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் அதிலிருந்து புகை குபுகுபு என்று வந்தால் என்ஜின் உள்ளே தேய்ந்திருக்கிறது. இதையெல்லாம் பார்க்க உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். அவருக்கு நீங்களே கூலி கொடுங்கள். புரோக்கர் கூட்டி வரும் மெக்கானிக் புரோக்கருக்குத்தான் பேசுவார்.

நம் கடற்கரைக்கு இரண்டு கூடுதல் சோதனை

கிலோமீட்டர் குறைவு என்றாலே வண்டி நல்லது என்று ஆகிவிடாது. ஓடின தூரம் போல ஓடின பாதையும் முக்கியம். நம் மாவட்டத்தில் இதை இரண்டு விஷயத்தில் அவசியம் பார்க்க வேண்டும்.

உப்பு: தமிழ்நாட்டிலேயே உப்பு அதிகம் விளைவது நம் தூத்துக்குடி மாவட்டத்தில்தான். அளத்திலிருந்து கிட்டங்கிக்கு உப்பு ஏற்றிய வண்டி ஒரு நாளைக்கு 15 கி.மீ.கூட ஓடியிருக்காது. மீட்டர் நிஜமாகவே குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அடிப்பாகத்தை உப்பு அரித்திருக்கும். ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட மீன் ஏற்றிய வண்டியும் அப்படித்தான். வண்டிக்கு அடியில் குனிந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். சேஸிஸ், ஸ்பிரிங் பட்டை, தொட்டியின் தரை, கதவின் அடி ஓரம் எல்லாவற்றையும் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று சொல்லும். அரித்த இரும்பு ‘தொப்’ என்று சொல்லும், பொருக்கு உதிரும். அடியில் மட்டும் புதுசாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

வெள்ளம்: 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டம், ஏரல், தூத்துக்குடி நகரம் எல்லாம் தண்ணீரில் நின்றன. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலால் சென்னையும் மூழ்கியது. 2015 டிசம்பரிலும் சென்னையில் அப்படித்தான். தண்ணீரில் நின்ற வண்டியைக் கழுவி, பெயின்ட் அடித்து விற்றால் மீட்டரில் ஒன்றும் தெரியாது. வயரிங் மெல்ல மெல்லக் கெட்டு, வாங்கின பிறகுதான் ஒவ்வொன்றாக நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் கண்ணும் மூக்கும் போதும். கண்ணாடியை ஏற்றிக் கதவை மூடி ஐந்து நிமிஷம் கழித்துத் திறந்தால் பூஞ்சை வாடை அடிக்கிறதா? கால் மிதிக்கும் விரிப்பைத் தூக்கினால் காய்ந்த வண்டல் இருக்கிறதா? சீட்டைப் பிடித்திருக்கும் இரும்பு துருவேறியிருக்கிறதா? முன் விளக்குக் கண்ணாடிக்கு உள்ளே தண்ணீர் நின்ற கோடு தெரிகிறதா? இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.

லிட்டருக்கு எத்தனை? நாமே அளக்கலாம்

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். “லிட்டருக்கு இருபது கொடுக்கும்” என்பார்கள். காலி வண்டியை, நாலு வழிச் சாலையில், மெதுவாக ஓட்டினால் கொடுக்கலாம். லோடு ஏற்றி, கிராமத்து ரோட்டில் ஓட்டினால் கொடுக்காது. அளக்கும் முறை இது:

1. பெட்ரோல் பங்கில் டேங்க் நிறைய எண்ணெய் போடுங்கள். மீட்டர் எண்ணை எழுதி வையுங்கள். உதாரணம்: 62,340.

2. லோடு வைத்து, நீங்கள் வழக்கமாகப் போகும் பாதையில் ஓட்டுங்கள். 50 கி.மீ.க்குக் குறைய வேண்டாம். 100 கி.மீ. ஆனால் இன்னும் நல்லது.

3. அதே பங்கில், அதே பம்பில், திரும்பவும் டேங்க் நிறையப் போடுங்கள். எத்தனை லிட்டர் பிடித்தது? உதாரணம்: 6 லிட்டர்.

4. இப்போது மீட்டர்: 62,436. ஓடியது 96 கி.மீ. அதை 6 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 16 கி.மீ.

டேங்கில் பாதி இருக்கும்போது முள்ளைப் பார்த்து அளக்காதீர்கள். அது தோராயம்தான். எண்ணெய்ச் செலவை நாம் கொடுப்பதாகச் சொன்னால், நல்ல எண்ணம் உள்ள வண்டிக்காரர் இந்தச் சோதனைக்கு மறுக்க மாட்டார்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. மீட்டரே கூடுதலாகக் காட்டினால்? கம்பெனி அளவு இல்லாத டயர் போட்டாலும் மீட்டர் தப்பாக ஓடும். அதற்கும் வழி இருக்கிறது. மதுரை - தூத்துக்குடி நாலு வழிச் சாலையில் கிலோமீட்டர் கல் வரிசையாக இருக்கிறது. ஒரு கல்லிலிருந்து 10 கி.மீ. தள்ளி உள்ள கல் வரை ஓட்டுங்கள். மீட்டரும் 10 காட்ட வேண்டும். 11 காட்டினால் மேலே போட்ட கணக்கு தப்பு. 96 கி.மீ. என்று நாம் நினைத்தது உண்மையில் 87 கி.மீ.தான். லிட்டருக்கு 16 இல்லை, பதினாலரைதான்.

இது சின்ன வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். ஒரு நாளைக்கு 60 கி.மீ., மாதம் 25 நாள் என்றால் 1,500 கி.மீ. லிட்டருக்கு 16 கொடுக்கும் வண்டிக்குச் சுமார் 94 லிட்டர் போதும். 12 கொடுக்கும் வண்டிக்கு 125 லிட்டர் வேண்டும். டீசல் லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் மாதம் சுமார் 2,900 ரூபாய் கூடுதல் செலவு. வருஷத்துக்கு முப்பத்து நாலாயிரத்துக்கு மேல். விலையில் பத்தாயிரம் குறைத்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டு வாங்கும் வண்டி, நாலே மாதத்தில் அந்தப் பத்தாயிரத்தைத் தின்றுவிடும்.

அதிகம் ஓடிய வண்டி என்றால் ஒதுக்கணுமா?

வேண்டாம். இதுதான் முக்கியமான விஷயம். 1,20,000 கி.மீ. ஓடியது என்று ஒளிக்காமல் சொல்லி, எல்லா சர்வீஸ் பில்லும் வைத்திருந்து, நேரத்துக்கு ஆயில் மாற்றிய வண்டி நல்ல வண்டி. அடுத்து என்ன செலவு வரும் என்று மெக்கானிக்கைக் கேட்டு, கிளச், டயர், பேட்டரி என்று கணக்கிட்டு, அதை விலையில் குறைத்துப் பேசலாம். ஒரு பில்லும் இல்லாமல் 48,000 காட்டும் வண்டியில் எதை நம்பிக் கணக்குப் போடுவது? எண் பெரிசா சின்னதா என்பதைவிட, அந்த எண்ணுக்குச் சாட்சி இருக்கிறதா என்று பாருங்கள். சாட்சி இல்லாத வண்டியை, அதிகம் ஓடிய வண்டி என்றே எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

பணம் கொடுக்கும் முன்

குழுக் கூட்டத்தில் பேசி, என்ன வண்டி, என்ன விலை, யார் யார் பார்த்தார்கள் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். பணத்தைக் குழுக் கணக்கிலிருந்து வங்கி மூலமாகவே கொடுங்கள்.

விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள்: ‘இன்று மீட்டர் 62,340 கி.மீ. காட்டுகிறது. எனக்குத் தெரிந்து மீட்டர் மாற்றப்படவோ திருத்தப்படவோ இல்லை. வண்டி வெள்ளத்தில் மூழ்கியது இல்லை.’ கீழே விற்பவர் கையெழுத்து. உண்மையானவர் யோசிக்காமல் போடுவார். பின்னால் பொய் என்று தெரிந்தால் உங்கள் கையில் உள்ள முதல் சாட்சி இதுதான். மீட்டரையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, பெயர் மாற்றம் செய்ய வேண்டும். பைனான்ஸ் இருந்தால் படிவம் 35-உம் அவர்களின் தடையில்லாச் சான்றும் வேண்டும். அது கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

உங்கள் வண்டியை விற்பதாக இருந்தாலும் இதே கவனம் வேண்டும். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ, விபத்து நடந்தால் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. “வித்தாச்சு, இனி நமக்கென்ன” என்று இருக்க முடியாது.

பழைய வண்டி வியாபாரிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் புது விதி வந்துள்ளது. அவர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும். தங்களிடம் நிற்கும் வண்டியை எதற்காக, யார், எத்தனை கி.மீ. ஓட்டினார்கள் என்று பதிவேடும் வைக்க வேண்டும். அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஏமாந்துவிட்டால்?

சும்மா இருக்க வேண்டாம். வியாபாரியிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் சட்டம் துணைக்கு வரும். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய வாங்கிய வண்டி என்றால், ‘வியாபாரத்துக்கு வாங்கியது, சட்டம் பொருந்தாது’ என்று தள்ளிவிட முடியாது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கேட்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். வேண்டுமென்றே மீட்டரைத் திருத்தி விற்றது ஏமாற்றுக் குற்றம். காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எங்கே போனாலும் பில், ஒப்பந்தம், படம், பணம் கொடுத்த வங்கிச் சீட்டு ஆகியவைதான் பேசும். பத்திரமாக வையுங்கள்.

கூட்டத்தில் வாசிக்க

வண்டி பார்க்க ஒருவர் தனியாகப் போகாதீர்கள். மூன்று பேர் போங்கள். ஒருவர் காகிதத்தைப் பாருங்கள். ஒருவர் வண்டியின் உடம்பைப் பாருங்கள். ஒருவர் கணக்கை எழுதுங்கள். கூட மெக்கானிக்.

1. வயசையும் வேலையையும் வைத்துக் கிலோமீட்டர் கணக்குப் போட்டோமா?
2. மீட்டரில் எத்தனை எண்? ஓடும்போது நகர்கிறதா?
3. பழைய பில்லில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா?
4. பெடல், சீட், ஸ்டியரிங், டயர் தேதி என்ன சொல்கிறது?
5. குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து பார்த்தோமா?
6. அடியில் உப்பு அரிப்பு, உள்ளே வெள்ளத் தடம் உண்டா?
7. டேங்க் நிரப்பி மைலேஜ் அளந்தோமா?
8. ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ், பைனான்ஸ் சரியா?
9. மீட்டர் எண் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டதா?

ஒன்பதில் ஒன்றுக்குப் பதில் கிடைக்கவில்லை என்றாலும் அன்றைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். “இன்னொரு பார்ட்டி காத்திருக்கு, இப்பவே அட்வான்ஸ் போடுங்க” என்று அவசரப்படுத்துவார்கள். “எங்க குழுக் கூட்டத்துல கேட்டுச் சொல்லுதோம்” என்று சொல்லிவிட்டு வாருங்கள். வண்டி இன்னொன்று கிடைக்கும். குழுவில் வாரா வாரம் போட்ட சேமிப்பு அவ்வளவு சுலபமாகத் திரும்பச் சேராது.